வேண்டும், வேண்டாம், வலிக்கிறது: ஜாக் மோரினின் ஒரு கையேட்டை முன்வைத்து

1

எனக்கு 28 வயதில் மூன்று மாதம் ‘உடம்புச் சூடு’ இருந்தது. வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அம்மா தினமும் இளநீர் வாங்கி வைத்தார். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவியிடமும் சூடு என்றே சொன்னேன்.

உண்மை வேறு. அமெரிக்க கிளையன்ட்டுக்காக ராத்திரி பன்னிரண்டு மணிவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம் அது. தண்ணீர் குடிப்பது குறைவு, பரோட்டா அதிகம். ஒருநாள் காலையில் கண்ணாடித் துண்டு ஒன்று உடம்பை விட்டு வெளியேறுவதுபோல இருந்தது. ரத்தம். அதன்பின் ஒவ்வொரு காலையும் அதே கதை. ஆசனவாயில் ஒரு பிளவு. பொதுவாகக் கண்டு மருந்து கொடுத்து ஆற்றக்கூடிய விஷயம். ஆனால் அதை வாய் திறந்து சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது.

கடைசியில் போன மருத்துவர் இரண்டு நிமிடம் பார்த்தார். “மோஷன் டைட்டா போகாம பாத்துக்குங்க. நார்ச்சத்து சாப்பிடுங்க. வெதுவெதுப்பான தண்ணியில உட்காருங்க” என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க இருந்த கேள்விகளை ராத்திரி இணையத்தில் தேடினேன். அந்த இடத்தின் தசைகள் எப்படி வேலை செய்கின்றன? ஏன் இறுகுகின்றன? அப்படித் தேடிப்போய்த்தான் ஜாக் மோரின் எழுதிய ‘ஏனல் பிளஷர் அண்ட் ஹெல்த்’ என்ற ஆங்கிலப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தேன். தலைப்பில் இருந்த ஆரோக்கியத்துக்காகப் போனேன், இன்பம் பற்றிய பகுதிகளையும் சேர்த்தே வாசித்தேன். பல வருடங்கள் கழித்து இப்போது மறுபடி வாசித்தபோது, அன்று கவனிக்காத ஒரு குறை தெரிந்தது. அந்தப் புத்தகம் சரியாகச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

2

மோரின் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் இயங்கிய உளச்சிகிச்சையாளர். புத்தகத்தின் முதல் பதிப்பு 1981இல் வந்தது. பின்னால் எய்ட்ஸ் என்று பெயரிடப்பட்ட நோயைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு அமெரிக்காவில் வெளியானதும் அதே ஆண்டு ஜூன் மாதம்தான். இந்த உறுப்பின் இன்பத்தைப் பற்றி ஒருவர் வெட்கமில்லாமல் எழுதிய அதே சமயத்தில், அந்த உறுப்பைச் சாவுடன் பிணைக்கப்போகிற செய்தியும் கிளம்பிவிட்டது. பின்வந்த பதிப்புகள் அந்த நிழலில்தான் திருத்தப்பட்டன. புத்தகம் உயிரோடு நீடித்தது. மோரின் 2013இல் இறந்தார்.

இலக்கியமாகப் பார்த்தால் இது சுமாரான புத்தகம். சொன்னதையே சொல்கிறது. பயிற்சி ஏடுகளுக்கே உரிய ‘இப்போது இதைச் செய்து பாருங்கள்’ தொனி சீக்கிரம் சலிப்பூட்டுகிறது. ஆனால் அதன் அமைப்பில் ஒரு நல்ல தீர்மானம் இருக்கிறது. படுக்கையறைக்குப் போவதற்கு முன்னாலேயே அது உடம்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் எப்படி உட்காருகிறீர்கள், எதைச் சாப்பிடுகிறீர்கள், கோபத்தை உடம்பின் எந்த இடத்தில் இறுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறது. தன் உடம்பின் ஒரு பகுதியைப் பார்க்கவும் தொடவும் கூசுகிற ஒருவருக்கு அங்கே நோய் வந்தாலும் தெரியாது, இன்பம் இருந்தாலும் தெரியாது என்பதுதான் அதன் அடிப்படை. நான் மூன்று மாதம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தவன். எனக்கு அது புரிந்தது.

புத்தகத்தின் மையமான பாடம் உடற்கூறு. ஆசனவாயில் இரண்டு சுருக்குத்தசைகள் இருக்கின்றன. வெளியே இருப்பது நம் பேச்சைக் கேட்கும், வேண்டுமென்றால் இறுக்கலாம், தளர்த்தலாம். உள்ளே இருப்பது நம் பேச்சைக் கேட்காது. இதயம், குடல் மாதிரி அது தன்னிச்சை நரம்பு மண்டலத்தின் ஆள். பயந்தால் இறுகும், அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். என் பிளவு ஆறாமல் இருந்ததற்கும் இந்த உள்தசைதான் காரணம். வலியில் அது இறுக, ரத்த ஓட்டம் குறைய, புண் ஆறுவது தள்ளிப்போக, மறுபடி வலி. ‘பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, சரியாயிடும்’ என்ற நம் ஊர் வீரம் இந்தத் தசையிடம் எடுபடாது.

3

இந்த ஒரு உடற்கூறுச் செய்தியிலிருந்தே நம்மிடையே உலவும் பல நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் நம்பிக்கை, ஆசனவாய் உறவு என்றால் வலிக்கத்தான் செய்யும் என்பது. மோரின் இதில் பிடிவாதமாக இருக்கிறார். வலி வந்தால் நிறுத்து, அதற்கு மேல் பேச்சில்லை. மரத்துப்போகச் செய்யும் களிம்புகளை அவர் ஏற்பதில்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். எர்ரர் வருகிறது என்பதற்காக அதை ஒரு காலி கேட்ச் பிளாக்கில் போட்டு விழுங்கவைத்தால் புரோகிராம் ஓடுவதுபோலத் தெரியும். உள்ளே எது உடைந்தது என்று மட்டும் தெரியாது. மலக்குடல் தானாக ஈரத்தைச் சுரப்பதில்லை, அதன் உட்சுவர் மெல்லியது. ஆகவே வழவழப்புக்கான ஜெல், நிதானம், எந்த நொடியிலும் நிறுத்தும் உரிமை மூன்றும் இல்லாமல் பேச்சே கிடையாது. நம் ஊரில் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். கடையில் விற்கும் ஆணுறைகளில் பெரும்பாலானவை லேடெக்ஸ். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலவீனமாகிக் கிழியும். இதை வயதுவந்த எத்தனை பேருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்கள்?

இரண்டாவது, அது ஓரினச்சேர்க்கையாளர்களின் விஷயம் என்பது. ஆண் உடம்பில் மலக்குடலின் முன்சுவரை ஒட்டி புரோஸ்டேட் சுரப்பி இருக்கிறது. அங்கே நரம்புகள் நிறைய. அந்த நரம்புகளுக்கு, அவர் யாரைக் காதலிக்கிறார் என்று தெரியாது. அமெரிக்க அரசின் 2011–2013 குடும்ப வளர்ச்சி ஆய்வில் 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களைக் கேட்டார்கள். பெண்களில் 35.9 சதவீதமும் ஆண்களில் 42.3 சதவீதமும் எதிர்பாலினருடன் ஒருமுறையாவது இவ்வகை உறவு கொண்டதாகச் சொன்னார்கள். அதேபோல, இதில் விருப்பமே இல்லாத தன்பாலின ஆண்களும் இருக்கிறார்கள். ஓர் உறுப்பை வைத்து ஒருவரின் பாலீர்ப்பைக் கணிப்பது ஜாதகம் பார்ப்பது மாதிரிதான்.

மூன்றாவது, அழுக்கு. மலம் பெரும்பாலும் மலக்குடலுக்கு மேலே, பெருங்குடலில்தான் காத்திருக்கும். மலக்குடலுக்கு இறங்கியதும் நமக்கு ‘வருகிறது’ என்று தெரியும். மற்ற நேரத்தில் அந்த இடம் ஏறக்குறைய காலி. கிருமியே இல்லாத இடம் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கிருந்து யோனிக்கு மாறும்போது ஆணுறையை மாற்றவேண்டும், கைகழுவ வேண்டும். ஆனால் சோப்பு நீரை உள்ளே செலுத்திக் கழுவிக் கழுவிப் புண்ணாக்கிக்கொள்வது அறியாமை.

நான்காவது, நோய். இங்கே பயத்துக்கு நியாயம் உண்டு, அதன் காரணத்தில்தான் குழப்பம். இந்த உறவிலிருந்து எய்ட்ஸ் தானாகப் பிறப்பதில்லை. இருவரிடமும் எச்.ஐ.வி. இல்லை என்றால் பரவ எதுவும் இல்லை. ஆனால் ஒருவரிடம் வைரஸ் இருந்து, சிகிச்சையும் ஆணுறையும் இல்லை என்றால் ஆபத்து பெரிது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டின்படி 10,000 முறைக்கு, பெறுபவருக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஆசனவாய் வழியில் சுமார் 138, யோனி வழியில் சுமார் 8. அந்த மெல்லிய சுவர்தான் காரணம். கர்ப்பம் வராது என்பதால் ஆணுறை வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முறையாக மருந்து எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து பாலுறவு வழியாக அது பரவாது என்பதும் அதே அறிவியல் சொல்வதுதான்.

4

இன்னொரு நம்பிக்கை, ‘இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி, போர்ன் பார்த்துக் கெட்டுப்போனதன் விளைவு’ என்பது. இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வாத்ஸ்யாயனர் ஞாபகம் வந்து சிரிப்பு வரும். காமசூத்திரத்தின் இரண்டாம் பகுதியில், உறவு நிலைகளைச் சொல்லிக்கொண்டு வருகிறவர், ஓரிடத்தில் ‘அதோரதம்’ என்று இதற்குப் பெயர் கொடுக்கிறார். ஒரே ஒரு வரி. திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஆனால் ஒரு தகவலைச் சேர்க்கிறார்: இது தாட்சிணாத்தியரின், அதாவது தெற்கத்திக்காரர்களின் பழக்கம். ரிச்சர்ட் பர்ட்டனும் நண்பர்களும் 1883இல் கொண்டுவந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் தென்னாட்டார் பெயர்தான் இருக்கிறது. நாம் மேற்கைக் கைகாட்டுகிறோம். வடக்கே இருந்தவர் தெற்கைக் காட்டியிருக்கிறார்!

உலகம் முழுக்க இதே கதைதான். ஆங்கிலத்தில் இதற்கான வசைச்சொல்லான ‘பகர்’ பல்கேரியர்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. மறுமலர்ச்சிக் கால ஜெர்மானியர்கள் இதற்கு ஃபுளோரன்ஸ் நகரத்தின் பெயரை வைத்தார்கள். ‘சோடமி’ என்ற சொல்லே பைபிளில் வரும் ஓர் ஊரின் பெயர். எந்த ஊரும் இதைத் தன் பழக்கம் என்று ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. எப்போதும் அடுத்த ஊர்க்காரன்தான்.

இந்தக் கைகாட்டல் சட்டமானபோது விபரீதமானது. 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறான’ உடலுறவைக் குற்றமாக்கியது. அந்த வாக்கியத்தை ஓர் இலக்கியப் பிரதியைப்போல வாசித்துப் பாருங்கள். ‘தானாக விரும்பி’ என்ற சொல் அதில் உண்டு, ஆனால் அது செய்பவரின் விருப்பம். மற்றவர் விரும்பினாரா என்று அந்த வாக்கியம் கேட்கவே இல்லை. விரும்பிச் சேர்ந்த இருவரும், ஒருவரைச் சிதைத்த இன்னொருவரும் அதன் பார்வையில் ஒரே குற்றவாளிகள். எந்த உறுப்பு என்பது மட்டுமே அதற்கு முக்கியம்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயதுவந்தவர்கள் மனமொத்துச் செய்வதை இந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. நானும் நண்பர்களும் அன்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய தீர்ப்புதான். ஆனால் அந்தக் கேள்வி, மற்றவர் விரும்பினாரா என்ற கேள்வி, எல்லோருக்கும் கேட்கப்பட்டுவிட்டதாக அன்று நான் நினைத்தது தவறு.

5

இரண்டு வருடம் முன்பு கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி போன் செய்தாள். அவள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். வேறு ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

“வலிக்குதுன்னு சொன்னேன்டா. முதல்ல அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்னாரு. பிடிக்கலன்னு சொன்னேன். மத்தவங்கல்லாம் பண்ணலையான்னு கேட்டாரு. கடைசில இது இயற்கைக்கு மாறானது, பாவம், எங்க வீட்டு சாமிக்கு ஆகாதுன்னு சொன்னேன். அதுக்குத்தான்டா நின்னாரு.”

நான் எதுவும் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள். “நான் ஒண்ணும் அதைப் பாவம்னு நினைக்கல. எனக்கு வேணாம், அவ்ளோதான். வேணாம்னு சொன்னா போதாதாடா?”

அந்தப் புத்தகத்தை அவளுக்கு அனுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் வெட்கமாக இருந்தது. அவள் கணவர் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும்? ‘பாரு, சரியாப் பண்ணினா வலிக்காதுன்னு புத்தகத்துலயே போட்டிருக்கு’ என்பார். மோரினின் நல்ல வாக்கியங்கள் எல்லாம் அவள் கையிலிருந்த கடைசி ஆயுதத்தைப் பிடுங்குவதற்குப் பயன்படும்.

மோரின் மீதான என் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. அவர் ஒரு வாசகரைக் கற்பனை செய்துகொள்கிறார். அந்த வாசகருக்குத் தாழ்ப்பாள் போட்ட குளியலறை இருக்கிறது. கதவைத் தட்ட ஆளில்லாத அரை மணி நேரம் இருக்கிறது. துணையிடம் ‘நிறுத்து’ என்றால் நிற்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. சம்மதம் முக்கியம் என்று அவர் சொல்லாமல் இல்லை. ஆனால் அதை முடிந்துபோன விஷயமாக வைத்துக்கொண்டு உடற்பயிற்சிக்குப் போய்விடுகிறார். அவர் விலக்க நினைத்த தடை ஒன்றுதான், கூச்சம். அதிகாரம் என்ற இன்னொரு தடை அவர் புத்தகத்தில் மங்கலாகத்தான் தெரிகிறது.

இது நம் ஊருக்கு மட்டுமான சிக்கல் என்றும் ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் மூன்று இடங்களில் 16 முதல் 18 வயதுள்ள 130 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. பெண்ணுக்கு வலிக்கும் என்று பையன்களும் பெண்களும் ஒருசேர நம்பினார்கள். அப்படியும் பேசிப் பேசி இணங்கவைப்பது சாதாரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வலிக்கும் என்ற தவறான நம்பிக்கை, வலிக்கவைப்பதற்கான அனுமதியாக மாறிவிட்டது! வலித்தால் ‘எதிர்பார்த்ததுதானே’ என்று ஆகிவிடுகிறது.

உடற்கூறிலும் மோரினின் ‘எல்லோருக்கும் பொது’ என்ற தொனி போதாது. 2022இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரு அறுவை மருத்துவர்கள் எழுதினார்கள். பெண்களின் சுருக்குத்தசை ஆண்களுடையதைவிட பலம் குறைந்தது, காயமும் கசிவும் பெண்களுக்கு அதிகம் ஏற்படக்கூடும், மருத்துவர்கள் கூச்சப்பட்டு இதைப் பேசாமல் இருப்பது ஒரு தலைமுறைக்குச் செய்யும் துரோகம் என்பது அவர்கள் வாதம். நிதானமாக, விருப்பத்துடன் செய்தால் தசை நிரந்தரமாகத் தளர்ந்துவிடும் என்று பயமுறுத்துவது மிகை. ஒன்றுமே ஆகாது என்று எல்லோருக்கும் உறுதி கொடுப்பதும் மிகைதான்.

இனி நம் சட்டம். 2013இல் வன்புணர்வின் வரையறை விரிவாக்கப்பட்டு ஆசனவாய் வழியும் அதில் சேர்ந்தது. ஆனால் கணவனுக்கான விலக்கு அப்படியே இருந்தது. 2024 மே மாதம் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், கணவன் மனைவியிடம் இப்படி நடந்துகொள்வது குற்றமாகாது, அங்கே மனைவியின் சம்மதமின்மைக்கு முக்கியத்துவம் இல்லை என்று சொன்னது. பஸ்தர் பகுதியில் 2017 டிசம்பரில் ஒரு பெண் இப்படியான வன்முறைக்குப் பிறகு இறந்துபோனார். கீழமை நீதிமன்றம் தண்டித்த கணவனை 2025 பிப்ரவரியில் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 மொத்தமாகவே இல்லை. வன்புணரப்பட்ட வயதுவந்த ஆண் ஒருவருக்கும் அதில் உரிய பிரிவு கிடையாது.

அதாவது, ‘இயற்கைக்கு மாறானது’ என்ற தவறான கேள்வியை அழித்தோம். ‘விரும்பினாரா?’ என்ற சரியான கேள்வியை அந்த இடத்தில் முழுமையாக எழுதவில்லை. என் தோழி பாவத்தையும் சாமியையும் துணைக்கு அழைத்தது மூடநம்பிக்கையால் என்று இனி நான் சொல்லமாட்டேன். அவளுடைய ‘வேணாம்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லாத வீட்டில், மதிப்புள்ள இன்னொரு சொல்லை அவள் கடன் வாங்கினாள். தவறான நம்பிக்கைகளை உடைக்கக் கிளம்பும் என்னைப் போன்றவர்கள், அந்த நம்பிக்கையின் பின்னால் யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று முதலில் எட்டிப் பார்க்கவேண்டும்.

6

கடைசியாக, மொழி. தமிழில் இந்த உறுப்புக்கு ஒரு பக்கம் ‘ஆசனவாய்’, ‘குதம்’. இன்னொரு பக்கம் ‘சூத்து’, ‘குண்டி’. முதலாவது லேப் ரிப்போர்ட்டில் மட்டும் வாழ்கிறது. இரண்டாவது சண்டையில் வாழ்கிறது. மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டுமே வாயில் வரவில்லை. ‘பின்னாடி’ என்று சொல்லிக் கையைக் காட்டினேன்.

நம் இலக்கியம் கூச்சம் பார்த்தது என்று சொல்ல முடியாது. கி.ரா. நாட்டுப்புறப் பாலியல் கதைகளைத் தொகுத்தார். பெருமாள்முருகன் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு ‘பீக்கதைகள்’ என்றே பெயர் வைத்தார், ‘கெட்ட வார்த்தை பேசுவோம்’ என்று ஒரு நூலே எழுதினார். ஆனால் நான் வாசித்தவற்றில் இந்த உறுப்பு பெரும்பாலும் மூன்று வேலைகளுக்குத்தான் வருகிறது: சிரிக்க, அருவருக்க, அவமானப்படுத்த. நலமாக இருக்கவேண்டிய, ‘வேண்டும்’ ‘வேண்டாம்’ இரண்டையும் சொல்லும் உரிமையுள்ள ஓர் இடமாக அது வந்து நான் பார்த்ததில்லை. நல்ல கையேடு ஒன்று தமிழில் வரவேண்டும் என்பதைவிட, இதைச் சாதாரணக் குரலில் சொல்லும் ஒரு நாவல் பத்தி வரவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. மருத்துவர்களையும் இதில் நம்பி விட்டுவிட முடியாது. 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் தன் பாடத்திட்ட வழிகாட்டுதலில் ‘சோடமி’யை இயற்கைக்கு மாறான குற்றங்களின் பட்டியலில் மறுபடி சேர்த்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது.

போன மாதம் வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். என் நான்கு வயது மகன் கூடத்துக்கு நடுவில் வந்து நின்று, “அப்பா, சூத்து வலிக்குது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். “ச்சீ, அப்படியெல்லாம் சொல்லக் கூடாது தங்கம், உடம்பு சூடா இருக்கும்” என்று அம்மா இளநீர் எடுக்கப் போனார்.

நான் அவனை உள்ளே அழைத்துப்போய்ப் பார்த்தேன். லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அவன் சரியாகத்தான் சொல்லியிருந்தான். எங்கே, என்ன என்று இரண்டே சொல்லில். எனக்கு அதற்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.